நேர்காணல் நாளில் தொலைந்த சாக்கெட்

நான் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த விஷயத்தை அம்மா மூன்று வருஷம் யாரிடமும் நேராகச் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்தார்கள், இல்லாவிட்டால் டாக்டருக்குப் படித்தார்கள். நானும் டாக்டருக்குத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வருஷம் கெமிஸ்ட்ரியில் தேறவில்லை. அதை வீட்டில் சொல்லப் பயந்து மாலில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அங்கே இருந்த ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். "புள்ளை என்ன பண்றா?" என்று ஆன்ட்டிகள் கேட்டால் அம்மா, "ஏவியேஷன்ல இருக்கா" என்பாள். ஏர்ஹோஸ்டஸ் என்று நினைத்தவர்கள் உண்டு. அம்மா அவர்களைத் திருத்தியதே இல்லை.

உண்மையில் டெக்சாஸின் நடுப்பகுதியில் ஒரு ராணுவத் தளத்தில் நான் ஹெலிகாப்டர் மெக்கானிக். நாங்கள் கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம். எனக்குப் பதினான்கு வயதாகும்போது அப்பாவின் வேலைக்காக நியூ ஜெர்சியின் பார்சிப்பனிக்கு வந்து சேர்ந்தோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே என் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டது. ராணுவத்தில் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பழுது பார்க்கும் எங்கள் ஹாங்கரில் காலை முதல் மாலை வரை என்னை வேலை வாங்கியதும் திட்டியதும் எல்லாம் அப்பா பெயரைச் சொல்லித்தான். முதல் மாதம் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் திரும்பினேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நல்லாத் திட்டட்டும்" என்று சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் என்னோடு சிரித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம். விமானி ஆவதற்குக் குடியுரிமை வேண்டும். மூன்றாவது வருஷம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. கிடைத்த மாதமே இரண்டு பேர் இரண்டு வழிகளைக் காட்டினார்கள்.

ஒருவர் எங்கள் டெஸ்ட் பைலட். பழுது பார்த்து முடித்த ஒவ்வொரு ஹெலிகாப்டரையும் முதலில் ஓட்டிப் பார்ப்பவர் அவர். பழுது பார்த்த மெக்கானிக் அவரோடு பின்னால் உட்கார்ந்து போக வேண்டும் என்பது எங்கள் ஹாங்கரின் வழக்கம். அவரோடு நாற்பது ஐம்பது முறை பறந்திருப்பேன். ஒருநாள் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு முன்னாடி உனக்கு அந்த அதிர்வு தெரிஞ்சுது. நீ ஏன் பின்னால உட்கார்ந்திருக்கே? அப்ளை பண்ணு. லெட்டர் நான் தர்றேன்" என்றார். எங்கள் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. தேர்வு, உடல் பரிசோதனை, பட்டாலியன் தலைவரோடு ஒரு நேர்காணல். அவர் பரிந்துரைத்தால் மனு மேலே போகும்.

இன்னொருவர் ஹாங்கர் பொறுப்பிலிருந்த சார்ஜென்ட். மெக்கானிக் செய்த வேலையை இன்ஸ்பெக்டர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பலாம். அந்த இன்ஸ்பெக்டர் பயிற்சிக்கு ஒரு இடம் வந்திருந்தது. "உன் பேரை எழுதலாம்னு இருக்கேன். ஆனா ரெண்டு பக்கமும் கால் வைக்காதே. எதுன்னு சொல்லு" என்றார்.

நான் விமானி என்றேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு போன் பண்ணி அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"பைலட்டா?" என்றார் அப்பா. "நெசமாவா கண்ணு?"

"இன்னும் கிடைக்கலைங்கப்பா. இன்டர்வியூ இருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் பார்சிப்பனியிலிருந்து மான்மவுத் ஜங்ஷன் வரை எல்லா அங்கிள்களுக்கும் செய்தி போய்விட்டது. அம்மா போன் பண்ணி, "உங்கப்பா ஆபீஸ்ல ஸ்வீட் குடுத்துப்போட்டு வந்திருக்காரு" என்றாள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் என் கூட்டாளியும் நானும் ஒரு ஹெலிகாப்டரின் உச்சியில், விசிறிக்குக் கீழே, ஒரு பிடிமானத்தை மாற்றினோம். கூட்டாளி மேற்கு டெக்சாஸ்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். அந்த இடத்தில்தான் விமானி கையை அசைத்தால் விசிறியைச் சாய்க்கும் தண்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னப் பொருள் விழுந்து சிக்கினால் போதும், விமானி வலது பக்கம் திருப்பும்போது ஹெலிகாப்டர் திரும்பாது. அதனால் எங்கள் தொழிலில் கருவிகளை எண்ணுவதுதான் முதல் பாடம். பெட்டியின் ஒவ்வொரு இழுப்பறையிலும் ஸ்பாஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லா இழுப்பறையையும் திறந்து, குழிகள் நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று பெட்டி என் பொறுப்பு. மணி நாலரை. சலவைக்குப் போட்டிருந்த சீருடையைக் கடை மூடுவதற்குள் வாங்க வேண்டும். ஐந்து இழுப்பறைகளைத் திறந்து பார்த்தேன். ஆறாவதைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு நேர்காணல். பழக்கத்தில் ஏழு மணிக்கே ஹாங்கருக்குப் போய்விட்டேன். கூட்டாளி நட்டு முடுக்கும் ராட்செட் ஒன்று கேட்டார். ஆறாவது இழுப்பறையைத் திறந்தேன். சாக்கெட் வரிசையில் ஒரு குழி காலியாக இருந்தது. சாக்கெட் என்றால் நட்டை மாட்டித் திருகும் குழல். இது கட்டைவிரல் நகம் அகலம்தான் இருக்கும்.

கூட்டாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வெளியே ஓடுதளத்தில் ஒரு இன்ஜின் வேகம் ஏறும் சத்தம் கேட்டது. நாங்கள் நேற்று வேலை செய்த அதே ஹெலிகாப்டர். டெஸ்ட் பைலட் முந்தின சாயங்காலமே கூட்டாளியைப் பின்னால் உட்கார வைத்து அதை ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார். இப்போது அவரே எட்டு சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவிருந்தார்.

"நேத்து ராத்திரி இருந்துச்சா?" என்று கூட்டாளி மெதுவாகக் கேட்டார்.

"நான் பார்க்கலை."

அவர் தாளைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். "இன்னிக்கு உனக்கு இன்டர்வியூ. காலையில நான் எடுத்தேன், என் கையிலேருந்து எங்கேயோ போயிடுச்சுன்னு சொல்லிடறேன். நேத்து அந்த ஹெலிகாப்டர் ஒருதடவை பறந்து வந்தாச்சு. ஒண்ணும் ஆகலையே."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதில் ஒரு நியாயமும் இருந்தது. பறந்து திரும்பிய ஹெலிகாப்டர்தானே. சாக்கெட் பெட்டிக்கு அடியில் உருண்டிருக்கலாம். நான் குனிந்து அடியில் பார்த்தேன். எழுந்தேன். மறுபடி குனிந்து பார்த்தேன். இப்போது நினைத்தால் அந்த இரண்டாவது தடவை குனிந்ததுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடியில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நேரம் கடத்தினேன். அதற்குள் அது கிளம்பிப் போய்விட்டால் முடிவெடுக்க வேண்டியதில்லை என்று எனக்குள் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

இன்ஜின் சத்தம் மாறி விசிறி சுற்றத் தொடங்கியது. நான் ஓடினேன்.

ஓடும் ஹெலிகாப்டரை நெருங்குவதற்கு ஒரு முறை உண்டு. முன்பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி போக வேண்டும். நான் மூக்குக்கு நேரே நின்று, கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினேன். இன்ஜினை அணை என்று அதற்கு அர்த்தம். கண்ணாடிக்குப் பின்னால் டெஸ்ட் பைலட் என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்து, என்ன என்று கேட்டார். நான் மறுபடி கழுத்தை அறுத்துக் காட்டினேன். காற்று என்னைப் பின்னால் தள்ளியது. கதவருகே உட்கார்ந்திருந்த சிப்பாய் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. விசிறி நிற்க அவ்வளவு நேரம் ஆகும் என்று அதுவரை எனக்கு உறைத்ததில்லை.

சார்ஜென்ட் வந்தார். நான் சொன்னேன்.

"நேத்து சாயங்காலம் எண்ணினியா?"

"அஞ்சு இழுப்பறை எண்ணினேன். ஆறாவது எண்ணலை. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி. தேடுவோம்" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

எட்டு சிப்பாய்களும் துப்பாக்கிகளோடு புல்லில் உட்கார்ந்தார்கள். உச்சியின் மூடியை மறுபடி கழற்றினோம். கூட்டாளியும் நானும் கைக்கண்ணாடி, டார்ச், காந்தக் குச்சி எல்லாம் வைத்து ஒவ்வொரு தண்டின் சந்திலும் பார்த்தோம். டெக்சாஸ் வெயில் எட்டரைக்கே தகரத்தைச் சுட வைத்திருந்தது. எட்டரை ஒன்பதானது. எதுவும் இல்லை. இல்லை என்பதில் நிம்மதி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத இடம் எப்போதும் ஒன்று மிச்சமிருக்கும். டெஸ்ட் பைலட் கீழே நின்று ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். என் நேர்காணலை நினைத்துத்தான் பார்த்தார் என்று பிற்பாடு சொன்னார்.

ஒன்பதேகாலுக்கு சார்ஜென்ட் என்னைக் கீழே கூப்பிட்டார். "போய் டிரெஸ் மாத்திக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போ."

"கிடைக்கட்டும், போறேன்."

"நான் உன்னைக் கேட்கலை" என்றார்.

அறைக்குப் போனேன். கை கழுவி, சலவைச் சீருடையை எடுத்தேன். அழுக்குத் துணிப் பை கட்டிலடியில் கிடந்தது. அதன் மேலேயே நேற்று போட்டிருந்த ஓவரால். அதை எடுக்கும்போதே எடையில் தெரிந்துவிட்டது. இடது தொடைப் பையில் கையை விட்டேன். சாக்கெட் இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, எட்டு பேர் சாகப்போவதில்லை என்று. அடுத்த நிமிஷமே, அத்தனை பேரையும் வெயிலில் வைத்து வாட்டிய பொருள் என் பையிலேயே இருந்திருக்கிறது என்ற அவமானம் வந்தது. இன்னொரு நினைப்பும் வந்தது. இதை ஹாங்கரில் ஏதாவது ஒரு மேஜைக்கு அடியில் போட்டால், யாராவது கண்டெடுப்பார்கள். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று நான் கணக்கிடவில்லை. சீருடையின் பொத்தான்களைப் போட்டு முடிக்கும்வரை இருந்தது.

வராந்தாவில் இருந்த போனில் ஹாங்கரைக் கூப்பிட்டேன். "என் பையில இருந்துச்சு" என்றேன். சார்ஜென்ட், "கொண்டு வா" என்றார். கொண்டுபோய் அதன் குழியில் வைத்தேன். அவர் ஆறு இழுப்பறையையும் திறக்கச் சொல்லி எண்ண வைத்தார். பிறகு பெட்டியின் சாவிக்காகக் கை நீட்டினார். முப்பது நாள் எனக்குக் கருவி கிடையாது, தரை கூட்டும் வேலை என்றார். இன்ஸ்பெக்டர் பயிற்சிப் பேச்சும் ஒரு வருஷத்துக்குக் கிடையாது. கூட்டாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணலுக்கு இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகப் போனேன். பட்டாலியன் தலைவரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். மூவரும் விமானிகள். தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் கையெழுத்தில் நிற்கவில்லை. நான் எந்தப் பக்கமாக ஓடினேன், எப்படி நின்றேன், விமானிக்கு முதலில் புரியாதபோது என்ன செய்தேன் என்றெல்லாம் கேட்டார்கள். தலைவர், "நீ இருந்த இடத்துல நிறைய பேர் நின்னிருக்க மாட்டாங்க" என்றார். அவர் கண்ணில் நான் ஒரு நல்ல கதையாகிவிட்டது எனக்குத் தெரிந்தது.

பரிந்துரை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து விமானிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால், சார்ஜென்ட் சொன்ன முப்பது நாளும் நான் தரை கூட்டினேன். எங்கள் ஹாங்கரில் தரை கூட்டுவது என்றால் குப்பை அள்ளுவது மட்டுமல்ல. அறுந்த கம்பி, உடைந்த வாஷர், எது கிடைத்தாலும் பொறுக்கி, எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். விமானிகள் என்னைப் பார்த்தால் முதுகில் தட்டினார்கள். மெக்கானிக்குகள் தட்டவில்லை. மோசமாக நடத்தவும் இல்லை. என் பக்கத்தில் கருவியை வைத்துவிட்டு நகர்ந்தால் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே காலைப் பொழுதைத்தான் பார்த்தது. எனக்கு மெக்கானிக்குகள் பார்த்ததுதான் சரியென்று பட்டது. ஓடியது இரண்டு நிமிஷ வேலை. முந்தின நாள் சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, நான் செய்ததுதான் நான்.

இன்னொன்றும் இருந்தது. கூட்டாளி ராட்செட் கேட்டிராவிட்டால் ஒன்றும் தெரிந்திருக்காது. தெரிந்த பிறகும் இரண்டாம் முறை குனிந்தேன். வானத்தில் அப்படிக் குனிய நேரம் இருக்காது. நேரம் கொடுத்தால் நான் சரியானதைச் செய்வேன் என்று தெரிந்துகொண்டேன். கொடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பின்னால் எட்டுப் பேரை உட்கார வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஒன்பதாவது நாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். டெஸ்ட் பைலட் வெகுவாகக் கோபப்பட்டார். "உனக்கு நீயே தண்டனை குடுத்துக்கறே. சார்ஜென்ட் குடுத்தது போதாதா?" என்றார்.

"அப்படியும் இருக்கலாம் சார்."

"இன்ஸ்பெக்டரும் இப்ப கிடைக்காது. ரெண்டையும் விட்டுட்டு நிக்கறே."

"தெரியும்."

"எல்லாருக்கும் பயம் உண்டு. எனக்கும் உண்டு" என்றார். பிறகு பல வாரங்கள் என்னோடு பேசவில்லை. அவர் எழுதித் தந்த கடிதத்தை நான் வீணாக்கிவிட்டேன் என்பது உண்மைதான்.

போனில் அப்பாவிடம் சொன்னபோது அவர், "அவங்க வேண்டான்னாங்களா, நீ வேண்டான்னியா?" என்று கேட்டார்.

"நான்தானுங்கப்பா."

"சரி வெச்சுடறேன்" என்றார். அம்மா ரிசீவரை வாங்கி, "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டு அவளும் வைத்துவிட்டாள்.

அந்தக் கோடையில் பத்து நாள் லீவில் நியூ ஜெர்சி போனேன். மான்மவுத் ஜங்ஷனில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா. கொல்லைப்புறத்தில் தட்டோடு நின்ற ஒரு அங்கிள், "என்னம்மா, எப்ப பறக்கப் போறே?" என்று சத்தமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "அது சரிப்பட்டு வரலீங்க" என்றார். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான் தேறவில்லை என்றுதான் அங்கே இருந்த எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அப்பா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. கேக்கைக் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். அப்பா டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும், "பயந்துட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

"கொஞ்சம்ங்கப்பா. ஆனா அது மட்டும் இல்லைங்க."

முதல் தடவையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து இழுப்பறை, கையெழுத்து, குனிந்தது, ஓடியது, பையில் கிடைத்தது. நேர்காணலில் என்னைப் பாராட்டியதையும் சார்ஜென்ட் சாவியை வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். அவர் முன்னால் போன லாரியைத் தாண்டாமல் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

"நானா இருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். "நானா இருந்தா அந்த டிராயரைச் சாத்திப்போட்டு இன்டர்வியூவுக்குப் போயிருப்பேன். இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து அந்த மாதிரி எத்தனையோ சாத்தியிருக்கேன்."

என்ன டிராயர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் எக்ஸிட் தாண்டிப் போய்விட்டது; இருவருமே கவனிக்கவில்லை. பின்னாலிருந்து அம்மா எழுந்து, "எங்கீங்க போறீங்க?" என்றாள். அப்பா அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, மூன்று பேருக்கும் காபி வாங்கி வந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து இன்ஸ்பெக்டர் பயிற்சி கிடைத்தது. சார்ஜென்ட்தான் மறுபடி என் பெயரை எழுதினார். முன்கூட்டி என்னிடம் சொல்லவில்லை. ராணுவத்தை விட்டதும் கலிஃபோர்னியாவுக்கு வந்து அங்கே டப்ளின் என்ற ஊரில் குடியேறினேன். இப்போதும் விமானங்களைச் சரிபார்க்கும் வேலைதான். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போனால் நிமிர்ந்து பார்ப்பேன். ஓட்டியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.